லெம்மாவின் கூடாரத்துக்கு ஓர் இடம்

1

இந்தக் கதை லிஃப்ட்டில் பிறந்தது. பொய் சொல்வதாக இருந்தால் மலை உச்சி, மழைக்கால மேகம், கீழே விரிந்து கிடக்கும் அடிஸ் அபாபா என்று ஏதாவது கௌரவமாகச் சொல்லியிருப்பேன். நடந்தது இதுதான். ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தது, நான் ஏறினேன். உள்ளே பதினோராவது மாடி அஸ்னாகெச் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கயிறு. அதை லிஃப்ட்டின் கீழ் மூலையில் மிதித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து மேல் மூலை வரைக்கும் இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள், கை எட்டவில்லை.

"டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த முனையை மேல பிடிங்க. நீங்க கணக்குதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அஞ்சு மீட்டர் கம்பு இதுக்குள்ள போகுமா?"

"நிமிர்த்தி வெச்சா போகாது."

"அது கழுதைக்கும் தெரியும். சாய்ச்சு வெச்சா?"

மனக்கணக்குப் போட்டேன். மூலைக்கு மூலை சாய்த்தாலும் போகாது. சொன்னேன்.

"அப்ப உங்க கணக்கைத் தூக்கிப் போடுங்க. படியில கொண்டுபோறோம்" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டாள்.

"என்ன கம்பு?"

"துக்கக் கூடாரத்தோட கம்பு. பழைய இடத்துல எங்க சங்கத்து அறையை அடுத்த வாரம் இடிக்கறாங்க. துணி, கம்பு, பெஞ்சு எல்லாம் என் வீட்டுக்குத்தான் வருது."

"யார் செத்தது?"

"இன்னும் யாரும் சாகல" என்றாள் அஸ்னாகெச். லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது.

2

முதலில் இதைக் கட்டுரையாகத்தான் எழுதத் தொடங்கினேன். தொடக்கங்கள் கீழே. கிழித்துப் போட மனம் வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

"அடிஸ் அபாபாவின் வானத்தை இன்று கண்ணாடிக் கோபுரங்கள் —" (இந்த வாக்கியத்தில் எந்த ஊரின் பெயரை வைத்தாலும் பொருந்துகிறது. வேண்டாம்.)

"ஒரு நகரத்தின் வளர்ச்சியை அதன் உயரத்தால் அளக்கும் மனித மனம் —" (மனித மனத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் மாணவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள்.)

"யூகலிப்டஸ் கம்புகளில் சாரம் கட்டி ஏறுகிறார்கள், முப்பது மாடி வரை —"

மூன்றாவது பரவாயில்லை. ஆனால் அதையும் விட்டுவிட்டேன், காரணம் உண்டு. இந்த ஊருக்கு நான் வேலைக்கு வந்தபோது கையை நீட்டினால் தொடும் உயரத்தில் கூரைகள் இருந்தன. இப்போது வங்கிகள் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கின்றன. எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எப்போது நிஜமான நகரமாகும்? பொறியாளரைக் கேட்டால் உயரம் என்பார். அதிகாரியைக் கேட்டால் விளக்கு, புல்தரை, சைக்கிள் பாதை என்பார். எனக்கு ஒரு பதில் இருந்தது, ஆனால் அது பஸ் ஓட்டுநர் லெம்மாவிடமிருந்து வந்த பதில். அதனால் கட்டுரை அவரிடம் போய் முட்டிக்கொண்டு கதையாகிவிட்டது.

லெம்மா, அஸ்னாகெச்சின் கணவர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டிய பாதை பழைய குடியிருப்புகளின் ஊடே போகும். வீட்டில் சாவு விழுந்தால், அக்கம்பக்கத்தார் மாதச் சந்தா கட்டி நடத்தும் துக்கச் சங்கத்தார் வந்து தெருவையே மறித்துக் கூடாரம் அடிப்பார்கள். நம் ஊரில் சாமியானா போடுவோமே, அதேதான். ஆனால் இங்கே மூன்று நாள் நிற்கும். திருப்பத்தில் அந்த வெள்ளைத் துணி தெரிந்ததும் லெம்மா இன்ஜினை அணைத்துவிடுவார். ஹாரன் கிடையாது. பயணிகளில் யாராவது இறங்கி, பின்னால் போய்க் கை காட்ட, அந்த நீளப் பஸ்ஸை அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கி எடுப்பார். அலுவலகத்துக்கு நேரமாயிற்று என்று ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஒருமுறை ஒரு பெண் இறங்கிப் போய், யாரென்றே தெரியாத அந்த வீட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டு வந்தாளாம். அவளுடைய அண்ணனை எங்கோ எல்லைப்புறத்தில் புதைத்துவிட்டார்களாம். அழ இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தாள். அவள் திரும்பி வரும் வரைக்கும் பஸ் நின்றது.

இதுதான் நகரம் என்பேன் நான். முன்பின் தெரியாதவனுடைய துக்கத்துக்கு வழி விடத் தெரிந்த கூட்டம். கட்டடம் எத்தனை மாடி என்பதெல்லாம் பிறகு.

* நான் இப்படிச் சொன்னதும் "கூட்டம் சேந்தா சந்தை, டீச்சர். நகரம்னா தண்ணி வரணும்" என்றார் எங்கள் காவல்காரர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்களுக்குத் தண்ணீர் வாரத்தில் பாதி நாள்தான் வருகிறது.

3

லெம்மாவுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்; அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பால்கனியில் நாற்காலி போட்டு, கனத்த வெள்ளைப் போர்வைக்குள் சுருண்டு, கீழே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஓட்டுநர்களைத் திட்டுவார். பதினோரு மாடி இறங்கி அது யார் காதுக்கும் எட்டாது.

பழைய குடியிருப்பை இடித்தபோது அக்கம்பக்கத்தார் மூன்று கட்டடங்களுக்குச் சிதறிப் போனார்கள். ஆனால் சங்கம் சிதறவில்லை. கூடாரம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, அண்டா இருக்கிறது. கூடாரம் அடிக்கத் தெரு இல்லை. அஸ்னாகெச்சுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அவளே என்னிடம் சொன்னாள், ஈரக் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை:

"எத்தனை கூடாரத்துக்கு அவர் பஸ்ஸைத் திருப்பியிருக்கார் டீச்சர்! அவர் கூடாரத்துக்கு இந்த ஊர்ல ஒரு காரு திரும்பாதா? திரும்பும். திருப்ப வெப்பேன்."

4

எங்கள் கட்டடத்துக்கு ஒரு குடியிருப்போர் குழு உண்டு. தலைவர் இன்ஜினியர் தெரெஃபெ, நான்காவது மாடி. அஸ்னாகெச் அவரைப் பார்க்கப் போனபோது சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, கட்டடத்துக்கு முன்னாடி இருக்கறது தீயணைப்பு வண்டி வர்ற வழி" என்றார் தெரெஃபெ. "அங்க கூடாரம் போட்டு, அன்னிக்குன்னு தீப்பிடிச்சா ஜெயிலுக்குப் போறது நான்."

"தீப்பிடிச்சா கூடாரத்தைக் கிழிச்சுக்கிட்டு வரட்டும். நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

"சரி, ரோட்டுல போடலாம்னா அது மாநகராட்சி ரோடு. புல்லு வளத்திருக்காங்க, சைக்கிள் பாதை போட்டிருக்காங்க."

"புல்லுல மனுஷக் கால் படக் கூடாது. சைக்கிள் பாதையில இதுவரைக்கும் ஒரு சைக்கிளையும் காணோம். அந்த இடமெல்லாம் யாருக்குன்னு சொல்லுங்க, போய் அவங்களையே கேக்கறேன்."

தெரெஃபெ சிரித்துவிட்டார். உடனே அடக்கிக்கொண்டார். "கீழ கார் நிறுத்தற தளம் இருக்கு. ரெண்டு வரிசை காலி பண்ணித் தரேன். விளக்கு போட்டுத் தரேன். மழையில நனையாம உக்காரலாம்."

"பெட்ரோல் நாத்தத்துலயா? அங்க உக்காந்து அழுதா ரோட்டுல போறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சவங்களுக்கு போன்ல சொல்லிடலாமே."

"தெரிஞ்சவங்களை மட்டும் கூப்பிட அது என்ன கல்யாணமா?"

அவர் மேசை மேலிருந்த சாவிக் கொத்தை எடுத்து, திரும்ப வைத்தார். "அக்கா, இது நகரம். நம்ம பழைய சந்து இல்ல. இங்க ஒரு ஒழுங்கு வேணும்."

"ஒழுங்காத்தான் கட்டுவேன்."

"காஷே லெம்மா உயிரோட இருக்கார். இருக்கற மனுஷனுக்கு இப்பவே எதுக்கு இந்தப் பேச்சு?" (காஷே: வயதில் மூத்தவரை இங்கே மரியாதையாகக் கூப்பிடும் சொல்.)

அஸ்னாகெச் எழுந்தாள். "அவர் போற அன்னிக்கு உங்ககிட்ட வந்து சண்டை போட எனக்குத் தெம்பு இருக்காது. அதான் இப்பவே வந்தேன்" என்றாள்.

5

தெரெஃபெயிடம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மனிதரிடம் அல்ல, பாத்திரத்திடம்.

முதல் பிரதியில் அவருக்குத் தொப்பையும் தங்கக் கடிகாரமும் கொடுத்திருந்தேன். எழுதி முடித்த அன்று தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை, பழுது பார்ப்பவன் வரவில்லை. தெரெஃபெ சட்டையைக் கழற்றிவிட்டு, விலா எலும்பு தெரிய, தொட்டிக்குள் இறங்கிச் சேற்றில் நின்று மோட்டாரைச் சரி செய்தார். மேலே ஏறி வந்த அந்தத் தண்ணீரில்தான் நான் குளித்தேன். குளித்துவிட்டு வந்து தொப்பையை அடித்தேன். கடிகாரத்தையும் அடித்தேன்.

(இந்த இடத்தில் அவருக்கு ஓர் இறந்துபோன தாயைக் கொடுத்து, அவளுக்குக் கூடாரம் கிடைக்காத பழைய வலி ஒன்றைக் கொடுத்து, மனம் இளக வைக்கும் திட்டம் இருந்தது. கூசிற்று. அவருடைய அம்மா ஆறாவது மாடியில் நன்றாக இருக்கிறாள். தினமும் என்னிடம் மிளகாய்ப்பொடி கடன் வாங்குகிறாள்.)

ஆகவே இந்தக் கதையில் வில்லன் கிடையாது. தீ பிடித்தால் என்ன செய்வது என்று யோசிக்கிற ஒருவர், சாவு விழுந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிற ஒருத்தி. இரண்டும் வரும். இடம் ஒன்றுதான் இருக்கிறது. வில்லன் இருந்திருந்தால் எனக்கு வேலை பாதியாகியிருக்கும்.

6

அனுமதி கிடைக்காத மறுவாரம் அஸ்னாகெச் ஒரு முடிவுக்கு வந்தாள். கட்டிப் பார்த்துவிடுவது. பழைய தெரு மண் தெரு. முளை அடித்துக் கயிறு கட்டினால் தீர்ந்தது. இங்கே வாசல் முழுக்கச் சிமெண்டுக் கல். முளை இறங்காது. அன்றைக்கு வந்து திண்டாடக் கூடாது என்றால் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்கத்துக்கு வருடக்கணக்காகக் கூடாரம் அடிப்பவர் ஷிமெலிஸ். செருப்புக்கடை வைத்திருக்கிறார். அவர் ஒரே வார்த்தையில் மறுத்தார்.

"செத்த ஆள் இல்லாம கூடாரமா? சாவை விருந்துக்குக் கூப்பிடற மாதிரி. நான் மாட்டேன்."

"கூடாரம்னு யாரு சொன்னா? மழையில துணி ஊறிக் கெடக்கு. காயப்போடறோம். கம்பு நட்டுக் காயப்போட்டா சீக்கிரம் காயும்."

ஷிமெலிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காயப்போடறதுன்னா சரி" என்றார். காவல்காரரிடமும் அதையே சொன்னார்கள். அரை மணி நேர வேலை என்றும் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை. வெயில் நன்றாக இருந்தது. கம்புகளைப் படி வழியாக இறக்கினார்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்த்தபடி. துணியை விரித்துத் தூக்கினார்கள். ஒரு மூலைக் கயிற்றை இரும்புக் கதவின் தூணில் கட்டினார் ஷிமெலிஸ். இன்னொன்று ரோட்டோர விளக்குக் கம்பத்தில். மிச்சம் இரண்டு மூலைக்கும் பிடிமானம் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டு கார்கள் நின்றிருந்தன. பின்பக்கத்து இழுவை வளையத்தில் காருக்கொன்றாகக் கட்டிவிட்டார். கூடாரம் முறுக்காக நின்றது. பாதி எங்கள் வாசலில், பாதி நடைபாதையைத் தாண்டி ரோட்டின் ஓரத்தில்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. அடுத்ததுதான் தப்பாகப் போயிற்று. ஷிமெலிஸ் பழக்க தோஷத்தில் பெஞ்சுகளையும் கொண்டுவந்து உள்ளே வரிசையாகப் போட்டுவிட்டார். யாரும் சொல்லவில்லை. கூடாரம் நின்றால் அவர் கை அடுத்துப் பெஞ்சுக்குத்தான் போகும். வெறும் துணியாக நின்றிருந்தால் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். உள்ளே பெஞ்சு போட்டால் அது சாவு வீடு.

முதல் ஆள் மினிபஸ்ஸிலிருந்து இறங்கினார். கோட்டு, தோளில் மடிக்கணினிப் பை. அவசரமாகப் போகிறவர் போலத்தான் இருந்தார். கூடாரத்தைப் பார்த்ததும் நின்றார், உள்ளே வந்தார், அஸ்னாகெச்சைப் பார்த்துத் தலை குனிந்தார்.

"கடவுள் உங்களுக்குத் தெம்பு குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, இங்க யாரும்..."

"நீங்க பேசாதீங்கம்மா. பேசினா நெஞ்சு அடைக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தவரை எழுந்து போ என்று சொல்கிற வழக்கம் இந்த ஊரில் இல்லை. அதற்குள் காய்கறிக் கூடையோடு இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்க் கட்டட வேலையாட்கள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரோ யாருக்கோ போன் போட்டிருக்கிறார்கள்: லெம்மா போய்விட்டார், கூடாரம் அடித்தாயிற்று. பழைய அக்கம்பக்கம் மூன்று கட்டடங்களிலிருந்தும் திரண்டு வந்தது. "என் பஸ்காரரே, எங்களை எங்க இறக்கிவிட்டுட்டுப் போனீரு" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்து அஸ்னாகெச்சின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அஸ்னாகெச்சுக்கு இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. நிஜமாகவே அழுதாள். இரண்டாவது மாடியிலிருந்து யாரோ, சாவு வீட்டில் கொடுக்கும் வழக்கப்படி, அவித்த கோதுமையும் கடலையும் கூடையில் கொண்டுவந்து கைக்கைக்கு அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் தெரெஃபெ காரை எடுக்க வந்தார். கூடாரத்தின் வலது மூலையைத் தாங்கிக்கொண்டிருந்தது அவருடைய கார்.

* இந்தப் பகுதியை அஸ்னாகெச்சுக்கு அவள் மொழியான அம்ஹாரிக்கில் சொல்லிக் காட்டினேன். ஷிமெலிஸ் கண்ணில் பட்ட காரில் கட்டினார் என்று நான் எழுதியிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "தற்செயலாம்ல! அது யார் காருன்னு எனக்குத் தெரியாதா? நான்தான் அதுல கட்டச் சொன்னேன். மாத்தி எழுதுங்க" என்றாள். மாற்றவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன். ஷிமெலிஸைக் கேட்டால் அவர் துணி காயப்போட வந்ததாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்.

7

தெரெஃபெ கையில் சாவியோடு நின்றார். கயிற்றைப் பார்த்தார். உள்ளே இருக்கும் கூட்டத்தைப் பார்த்தார். சாவியைப் பைக்குள் போட்டு, தொப்பியைக் கழற்றி, குனிந்து உள்ளே வந்தார். அஸ்னாகெச்சின் முன்னால் நின்று, "கடவுள் தெம்பு குடுக்கட்டும், அக்கா" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்ப போனார்?" என்று காதோடு கேட்டார்.

"இன்னும் போகல" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

(இங்கே எனக்கு ஓர் ஆசை வந்தது. கதையை இப்படியே விட்டுவிடலாம்: உயிரோடிருக்கும் மனிதனுக்காக ஊரே அழுகிறது, மேலே அவர் தூங்குகிறார். அழகாக முடியும். ஆனால் லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்தது.)

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு காவல்காரர் வந்தார். அவருடைய தோளைப் பிடித்தபடி, வெள்ளைப் போர்வையும் செருப்பும் அணிந்து, லெம்மா. மாரில் அடித்துக்கொண்டிருந்தவளின் கை பாதியில் நின்றது. வாயில் போட்ட கடலையை மெல்லாமல் விழித்தார்கள் சிலர்.

லெம்மா மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். "மேல இருந்து பாத்தேன். நம்ம கூடாரம் மாதிரி இருந்தது. யாரு போனது?"

அஸ்னாகெச் எழுந்து முகத்தைத் துடைத்தாள். "யாரும் போகல. வந்து உக்காருங்க."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பழைய தெரு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ரோட்டுப் பக்கம் திரும்பி, விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"ஷிமெலிஸ், எவன்டா இப்படிக் கட்டினது? பஸ்ஸு எப்படித் திரும்பும்? வாலு வந்து இடிக்கும்ல. ரெண்டு முழம் உள்ள இழு."

ஷிமெலிஸ் ஓடினார். இழுத்துக் கட்டினார். லெம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். அவித்த கடலையை வாங்கி வாயில் போட்டார். "உப்பு பத்தல" என்றார்.

பக்கத்தில் கோட்டுக்காரர். அவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா... நீங்கதானா?"

"நான்தான்."

"மன்னிக்கணும். நான் தெரியாம... எனக்கு என்ன சொல்றதுன்னு..."

"சொல்ல வந்ததைச் சொல்லுங்க தம்பி. அன்னிக்கு எனக்குக் காது கேக்காது. இன்னிக்கே கேட்டுக்கறேன்."

கோட்டுக்காரர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க, லெம்மாவிடம் சொன்னார்: "கடவுள் உங்களுக்குத் தெம்பு குடுக்கட்டும்." சொல்லிவிட்டு அழுதுவிட்டார். யார் பெற்ற பிள்ளையோ. அவர் பெயர் இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

தெரெஃபெ எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "ஏமாத்திட்டீங்க அக்கா" என்றார். "துணி காயப்போடறோம்னு சொல்லி, என் கார்லயே கயிறு கட்டி... நாளைக்கு மூணாவது மாடிக்காரன் கல்யாணப் பந்தல் போடுவான், அஞ்சாவது மாடிக்காரன் கட்சிக் கூட்டம் போடுவான். நான் யாருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"கட்சிக் கூட்டத்துக்குக் கயிறை நானே அறுப்பேன்" என்றாள் அஸ்னாகெச். "இதுக்கு அறுக்க விட மாட்டேன்."

தெரெஃபெ விறுவிறுவென்று காருக்குப் போனார். கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். அவர் இன்ஜினைப் போட்டு ஒரு முழம் முன்னால் நகர்ந்தால் போதும், அத்தனை பேர் தலையிலும் துணி சரிந்துவிடும். யாரும் எழுந்திருக்கவில்லை. லெம்மா மட்டும் மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்து, "தம்பி, வண்டியை எடுக்கணும்னா எடுங்க. எனக்காகப் பாக்காதீங்க" என்றார். கிண்டல் இல்லை. ஓட்டுநர் ஓட்டுநரிடம் பேசுகிற குரல்.

தெரெஃபெ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, காரைப் பூட்டி, ரோட்டுக்குப் போய்க் கையை நீட்டி ஒரு மினிபஸ்ஸை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். கூடாரம் சாயங்காலம் வரைக்கும் நின்றது.

8

இனி முடிவு. குழு இன்னும் கூடி முடிவெடுக்கவில்லை. தெரெஃபெயை ஒருநாள் லிஃப்ட்டில் பார்த்தேன். "தீயணைப்பு வண்டிக்கு வழி விட்டுக் கூடாரம் எப்படிக் கட்டலாம்னு ஒரு படம் போட்டுப் பாத்தேன் டீச்சர்" என்றார். என் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, "அனுமதி குடுத்தேன்னு எழுதிடாதீங்க. போட்டுப் பாத்தேன்னு மட்டும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: மழைக்காலம் ஓய்ந்து மஞ்சள் பூக்கள் பூக்கும் மாதம். கட்டடத்தின் கார்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. ரோடு முழுக்கத் துணி. நகரப் பேருந்து ஒன்று திருப்பத்தில் வந்து இன்ஜினை அணைக்கிறது. அதன் ஓட்டுநர் இறங்கி —

இரண்டாவது: கீழ்த்தளம். குழல் விளக்கு. காரின் எண்ணெய்க் கறை மேல் பெஞ்சு. தெரிந்தவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ரோட்டில் வண்டிகள் ஓடிக்கொண்டே —

மூன்றாவது: அஸ்னாகெச் அனுமதி இல்லாமலே கட்டுகிறாள். மாநகராட்சி ஆட்கள் வருகிறார்கள். உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். தொப்பியைக் கழற்றி —

மூன்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் காப்பிக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். பால்கனியில் லெம்மா.

"மூணுலயும் அவர் சாகறார்" என்றாள்.

"கூடாரம் நிக்கணும்னா வேற வழி என்ன இருக்கு?"

"அப்ப முடிவு வேணாம்."

"முடிவு இல்லாம எப்படி? படிக்கறவங்க கேப்பாங்களே, கூடாரம் நின்னுச்சா இல்லையான்னு."

அவள் வறுத்த கொட்டையைக் கீழே இறக்கி வைத்தாள். புகை எழுந்தது. "எங்க நிக்கும்னு எழுதுங்க. கட்டடத்துக்கு முன்னாடி, ரோட்டுல. அனுமதி குடுத்தாலும் அங்கதான், குடுக்காட்டியும் அங்கதான். எப்பன்னு எழுதாதீங்க. அது உங்க வேலை இல்ல."

கணக்கு டீச்சராகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கணக்கில் விடை தெரியாவிட்டால் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கதையில் அவள் சொன்னதைத்தான் செய்வதாக இருக்கிறேன். முடிவை எழுதினால் அவரைச் சாகடித்தாக வேண்டும். சாகடிக்க மாட்டேன். என்றைக்காவது இந்த ஊருக்கு வந்து, கண்ணாடிக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தபடி ஏதோ ஒரு ரோட்டில் போய்க்கொண்டிருப்பீர்கள். திருப்பத்தில் வெள்ளைத் துணி வழியை மறித்து நிற்கும். உங்களுக்கு நேரமாகியிருக்கும். வண்டியில் நீங்கள் செய்யப்போவது எதுவோ அதுதான் இந்தக் கதையின் முடிவு. அதை நான் இங்கே உட்கார்ந்து எழுத முடியாது.

காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன். பால்கனியிலிருந்து லெம்மா கூப்பிட்டார்.

"டீச்சர், முடிச்சுட்டீங்களா?"

"இல்ல காஷே."

"நல்லது" என்றார். மூச்சு வாங்கிற்று. கீழே ஒரு மினிபஸ்காரன் தப்பான பக்கம் திரும்பினான். அவனை வாயாரத் திட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "அவசரம் இல்ல. உக்காருங்க, இன்னும் காப்பி வரல."

உட்கார்ந்தேன். இங்கே காப்பி என்றால் மூன்று சுற்று; அஸ்னாகெச் முதல் சுற்றை ஊற்றினாள், லெம்மா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிக் கோப்பையை வாங்கி, ஊதி,